சத்தம் வராத கேமரா

வாங்க, வாங்க. பூபதிங்கறது நீங்கதானுங்களே? கடையில போன் பண்ணிச் சொன்னாங்க. செருப்பை உள்ளயே விடுங்க, வெளிய விட்டா நாய் தூக்கிட்டுப் போயிரும். அந்தச் சேருல உக்காராதீங்க, அது என்னோடது, ஒரு கால் ஆடும். இப்படி வாங்க, ஃபேனுக்குக் கீழ.

கேமரா எங்க இருக்குதுன்னு கண்டுபிடிங்க பாக்கலாம். தெரியலைல்ல? ஷோகேஸ்ல கரடி பொம்மை இருக்குது பாருங்க, அதுக்குப் பின்னால. என் சம்சாரத்துக்கே தெரியாதுங்க. அவ கோயிலுக்குப் போன நேரம் பாத்து நானே வெச்சேன். படம் பளிச்சுன்னு விழுகுது, அதுல ஒரு குத்தமும் சொல்ல முடியாது. சத்தந்தான் வரலை. சத்தத்தோட பதியும்னு அடிச்சுச் சொல்லித்தான் உங்க கடையில குடுத்தாங்க. பாத்தா ஊமைப் படமா ஓடுது. என்னை ஏமாத்த முடியாதுங்க, ஆமா. ஏமாத்தறவனைப் புடிக்கறதுதான் எனக்குச் சோறு போடற வேலை.

எனக்கு அந்தச் சத்தம் இன்னைக்கே வேணும். புள்ளை கோயமுத்தூர் ஆசுபத்திரியில கிடக்குது. நெஞ்செல்லாம் சளி, நிமோனியா. இதோட மூணாந்தடவை. சாயந்தரம் பொழுதோட நான் அங்க போயி ஒரு கையெழுத்துப் போடோணும். எதுக்குன்னா, வயித்துல ஓட்டை போட்டுக் குழாய் வெக்கறதுக்கு. அதுக்கப்பறம் வாயில ஒரு சொட்டு குடுக்கக்கூடாதாமா. பாலு, கஞ்சி எல்லாம் குழாயில ஊத்தறதுதான். வாய் இருந்தும் வாயில்லாத மாதிரி என் புள்ளை வளரோணும். இந்த வூட்டுக்குள்ள யாரோ அவளுக்கு என்னத்தையோ குடுக்கறாங்க பூபதி. அது யாருன்னு தெரியாம நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

நீங்க உங்க வேலையப் பாருங்க, நான் பாட்டுக்குப் பேசிட்டு இருக்கறேன். பேசாட்டி எனக்கு என்னமோ மாதிரி இருக்குது.

நான் கவர்மெண்டு பஸ்ஸுல செக்கருங்க. கனகராசு செக்கருன்னு தாராபுரம் பஸ் ஸ்டாண்டுல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. நல்லவிதமாச் சொல்ல மாட்டாங்க, ஆனாச் சொல்லுவாங்க. கண்டக்டராச் சேந்து செக்கரானவன், அதனால ரெண்டு பக்கத் திருட்டும் எனக்கு அத்துபடி. டிக்கெட் எடுக்காதவனை எப்படிப் புடிக்கறதுன்னு தெரியுங்களா? தூங்கற மாதிரி நடிக்கறானே, அவனை விட்டுரோணும். பாதிப் பேரு நெசமாவே தூங்குவான். நான் ஏறினதும் எவன் மொதல்ல படிக்கட்டைப் பாக்கறானோ, அவந்தான். ஒரு பார்வைதான், கண்ணு டக்குனு போயிட்டு வந்துரும். அவனுக்கே தெரியாது பாத்தோம்னு. நேராப் போயி அவன் முன்னாடி கையை நீட்டுவேன். இத்தனை வருசத்துல அது பொய்யானதே இல்லைங்க.

அந்தக் கண்ணை வெச்சுட்டு என் வூட்டுக்குள்ள ஒரு ஆளைப் புடிக்க முடியலையேன்னுதான் எனக்கு வவுத்தெரிச்சல்.

புள்ளை பேரு தாரணி. நான் அம்மிணின்னுதான் கூப்புடுவேன். கண்ணாலமாகி ரொம்ப வருசம் கழிச்சு, ஒறம்பரைச் சனமெல்லாம் இனிப் புள்ளை இல்லைன்னு வாய்விட்டே பேசி முடிச்ச பொறவு வந்தவ. ஏழாம் மாசமே பொறந்துட்டா. என் உள்ளங்கையில படுக்க வெச்சாப் பத்தும், அத்தனாம் பொடுசு. நுரையீரல் இன்னும் முத்தலைன்னு மெசின்ல போட்டு மூச்சு விட வெச்சாங்க. வூட்டுக்கு வந்த பொறவும் மூக்குல ஆக்சிஜன் குழாய், பாலுக்குன்னு இன்னொரு குழாய். பெத்த புள்ளை மூஞ்சிய முழுசாப் பாக்க எனக்கு அவ மொதப் பொறந்த நாளு வர வேண்டியதாப் போச்சு. குழாயைக் கழட்டின அன்னைக்கு அவ மூக்கை மட்டும் நான் எத்தனை நேரம் பாத்துட்டு இருந்திருப்பேன்னு எனக்கே தெரியாது.

அப்பத்தான் அந்த டாக்டரம்மா வந்தாங்க. பெனிட்டான்னு பேரு. விழுங்கக் கத்துக் குடுக்கறவங்களாமா. விழுங்கறதுக்கு டியூஷனுங்க! கன்னுக்குட்டி கீழ விழுந்த ஒடனே எந்திரிச்சுப் பால் குடிக்குது, அதுக்கு எந்த டாக்டரம்மா கத்துக் குடுத்தாங்க? நமக்கெல்லாம் முழுங்கறப்ப ஒரு நொடி மூச்சு நிக்குமாமா. இவளுக்கு மூச்சு விடறதே பெரும்பாடு, நிறுத்தி முழுங்க நேரமில்லை, அதனால பாலு வயித்துக்குப் போறதுக்குப் பதிலா நெஞ்சுக்குப் போயிருதுன்னாங்க. எக்ஸ்ரேயில சினிமாவாட்டம் ஓட்டியே காட்டினாங்க. பாலுல ஏதோ மருந்தைக் கலக்கிக் குடுத்தாங்க, தொண்டை தெரியுது, பாலு ஒரு கோடா எறங்குது, அதுல ஒரு இழை பிரிஞ்சு முன்பக்கமா ஓடுது. அதுதான் மூச்சுக்குழாயாமா. சரி, ஓடுச்சு. அது என் புள்ளை தொண்டைதான்னு எனக்கு எப்படித் தெரியும்? எல்லாத் தொண்டையும் ஒரே மாதிரித்தானுங்களே இருக்குது?

அதைவிடுங்க. நான் ஒரு கேள்வி கேட்டேன். ஏனுங் டாக்டரம்மா, நமக்கு ஒரு பருக்கை தப்பிப் போனாலே புரை ஏறி, கண்ணுல தண்ணி வந்து, வூடே ஓடி வந்து தலையில தட்டுது. இவ அப்ப இருமவே இல்லையே? இப்படித்தான் கேட்டேன். நல்ல கேள்விதானுங்களே? அதுக்கு அவங்க, 'சில கொழந்தைக இருமாது சார், சத்தமில்லாமப் போயிரும், அதுதான் ரொம்ப ஆபத்து' அப்படீங்கறாங்க. இருமினாலும் ஆபத்து, இருமலைன்னாலும் ஆபத்து! தப்பிக்கறதுக்கு வழி விடாமப் பேசறவங்களை எனக்கு அப்பவே புடிக்காமப் போச்சு. பின்ன வயித்துக்குப் போகுதா, நெஞ்சுக்குப் போகுதான்னு எப்படிங்க கண்டுபிடிக்கறதுன்னேன். 'குடிச்சு முடிச்சதும் அவ சத்தத்தைக் கேளுங்க, தொண்டையில தண்ணி நின்னுட்டு இருக்கற மாதிரி ஈரமாக் கேக்கும்' அப்படின்னாங்க. ஈரச் சத்தமாமா. சத்தத்துல ஈரம் ஏதுங்க, காயப் போடறதுக்கு?

சொன்னதெல்லாம் இதுதான். தண்ணியாட்டம் ஓடறது எதுவும் ஆகாது, வெறுந் தண்ணி கூட ஆகாது. பாலா இருந்தாலும் ஒரு பொடியப் போட்டு தோசை மாவுப் பதத்துக்குக் கெட்டியாக்கோணும். நிமுந்து உக்கார வெச்சுக் கரண்டியில குடுக்கோணும். ஒருக்கா விழுங்கினதும் வெறும் வாயில இன்னொருக்கா விழுங்க வெக்கோணும். கெட்டியாக் குடுத்தா இவ நல்லாவே விழுங்கறா, நெஞ்சுக்குப் போறதில்லை, எக்ஸ்ரேயிலயும் பாத்தாச்சு, கொஞ்சங்கொஞ்சமா எல்லாம் பழகிக்குவான்னாங்க. சரின்னு கோகிலா, அதான் என் சம்சாரம், அப்படியே புடிச்சுக்கிட்டா.

அப்ப எப்படிங்க சீக்கு வருது? அதுதான என் கேள்வி! கெட்டியாக் குடுத்தா வராதுன்னு சொன்னாங்க, கெட்டியாக் குடுக்கறா, வருது. ஆசுபத்திரியிலயும் இதையேதான் சொல்றாங்க. வூட்டுல வேற ஒண்ணும் குடுக்கலைன்னா, அப்பக் கெட்டிப் பாலே நெஞ்சுக்குள்ள போக ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம், வாயை நிறுத்திட்டு வயித்துல குழாய் வெக்க வேண்டியதுதான்னு. கோகிலாவைத் தனியா உக்கார வெச்சு, 'வேற என்ன குடுத்தீங்க, மறைக்காமச் சொல்லுங்க'ன்னு கேட்டிருக்காங்க. வெளிய வந்தவ மூஞ்சிய நான் பாக்கோணுமே. பாத்தேன். ஆனா என்னால ஒண்ணும் கண்டுபிடிக்க முடியலை. அழுத மூஞ்சியில எதைப் படிக்கறது?

என்னங்க, கழட்டிட்டீங்க? சரி, கழட்டிப் பாருங்க. அந்த ஸ்க்ரூ கீழ விழுந்தா சோபாவுக்கு அடியில போயிரும், பாத்து.

மொதல்ல நான் சந்தேகப்பட்டது சரசக்காவை. கூடமாட ஒத்தாசைக்கு வந்துட்டு இருந்தாங்க, ரெண்டு தெரு தள்ளி வூடு. புள்ளை மேல அத்தனை உசுரு. அதுதான் எனக்கு இடிச்சுது. யாரு புள்ளையோ, எதுக்கு இத்தனை உசுரு? நான் டூட்டி முடிஞ்சு வர்ற நேரத்தை மாத்தி மாத்தி வருவேன். பஸ்ஸுல பின்படிக்கட்டுல ஏறுவமே, அதே மாதிரி, வூட்டுக்குப் பின்னால பொடக்காளி வழியா வருவேன். ஒரு நாள் வந்து பாத்தா சரசக்கா முந்தானை ஈரமா இருக்குது. என்னங்க இது தண்ணின்னேன். எச்சில் துடைச்சனுங்கன்னாங்க. எச்சில்ல இத்தனை ஈரமா? நாளையிலிருந்து வர வேண்டாம்னுட்டேன். அழுதுட்டே போனாங்க. இப்பவும் ரோட்டுல பாத்தா, 'ஏனுங், பாப்பா எப்படி இருக்குது'ன்னு கேக்கறாங்க. நான் பதில் சொல்லறதில்லை. எதுக்குக் கேக்கறாங்கன்னு தெரிய வேண்டாமா?

அவங்க போயும் சீக்கு வந்துச்சு. அப்ப மிச்சம் யாரு? நீங்களே சொல்லுங்க. இந்த வூட்டுல மொத்தம் மூணே பேரு. அதுல ஒண்ணு புள்ளை, ஒண்ணு நானு.

ஒரு நாள் மெதுவாக் கேட்டேன். கோகிலா, நான் இல்லாதப்பப் புள்ளைக்கு வேற எதாச்சும் குடுக்கறயா, தாகமெடுக்குதுன்னு தண்ணி கிண்ணி, அழுகுதுன்னு எளநி கிளநி, கோவிச்சுக்க மாட்டேன், சொல்லீருன்னு. கரண்டிய வெச்சது வெச்ச மாதிரி நின்னா. 'பஸ்ஸுல கேக்கறது பத்தாதுன்னு இங்கயும் டிக்கெட் கேக்கறீங்களா? இந்தாங்க, சோதிச்சுக்கங்க'ன்னு அந்தப் பொடி டப்பா, கிண்ணம், கரண்டி எல்லாத்தையும் எம்முன்னால கொண்டாந்து வெச்சா. நான் சோதிச்சேன். பின்னே? வெச்சாப் பாக்காம இருக்க முடியுங்களா? டப்பாவை மோந்து பாத்தேன், நாக்குல வெச்சும் பாத்தேன். அன்னையிலிருந்து என்கூடச் சரியாப் பேச்சு இல்லை. டீயக் கொண்டாந்து ஸ்டூல்ல வெப்பா, துணி எடுக்க மாடிக்குப் போயிருவா. வெச்ச சத்தம் மட்டுந்தான் கேக்கும்.

அட, டீன்னு சொன்னதும்தான் நெனப்பு வருது, உங்களுக்கு டீ போடட்டுங்களா? சும்மா சொல்லுங்க, நானே போடுவேன். எனக்கு வேண்டாம். புள்ளை ஆசுபத்திரிக்குப் போனதிலிருந்து எனக்கு டீ எறங்க மாட்டேங்குது. எதுக்க ஒரு ஆளு வாயைப் பாத்துட்டு இல்லாமக் குடிக்கறதும் ஒரு குடியா? சரி, முடிச்சுட்டே குடிங்க.

இன்னொரு விசயம் சொல்றேன், இதைக் கேட்டா உங்களுக்கே மயிர் கூச்செறியும். தைப்பூசத்துக்குப் பழனிக்கு ஸ்பெஷல் பஸ் விட்டாங்கல்ல, அப்ப எனக்கு அங்கயே டூட்டி. டிப்போவுலயே படுத்துக்கிட்டேன், வூட்டுப் பக்கமே வரலை. அத்தனை நாளும் புள்ளைக்கு ஒண்ணுமில்லைங்க. சளி இல்லை, காச்சல் இல்லை, எடை கூட ஏறியிருக்குது. 'நல்லாச் சாப்புடறா, சிரிக்கறா'ன்னு கோகிலா போன்ல சொல்றா, பேசாதவளே சொல்றா பாத்துக்கங்க. பஞ்சாமிர்தம் வாங்கிட்டு ஓடியாந்தேன். வந்து ஒரு வாரம் ஆகலை, காச்சல். கொதிக்குது ஒடம்பு. அதுக்கு முந்தின தடவையும் அப்படித்தான், நான் மெட்ராஸ் டிரெயினிங் போயிட்டு வந்த பொறவு. கேட்டீங்களா? நான் இல்லாதப்ப ஒண்ணும் பண்றதில்லை. நான் வூட்டுல இருக்கறப்பத்தான் பண்றாங்க. எம் மூக்குக்குக் கீழயே! என்ன நெஞ்சழுத்தம் இருக்கோணும்?

எனக்கு வேண்டாதவங்களும் இருக்கறாங்க, இல்லைங்கலை. எங்கிட்டப் புடிபட்டு சஸ்பெண்டான கண்டக்டர் ஒருத்தன் கோட்டைமேட்டுல இருக்கறான். அவன் வூட்டு வழியாப் போறப்பெல்லாம் என்னைப் பாத்துச் சிரிக்கறான். செய்வினை கிய்வினைன்னு கோகிலாவோட அம்மா சொன்னாங்க. நான் அதையெல்லாம் நம்பறவன் இல்லை. இருந்தாலும் ஒரு எலுமிச்சம்பழத்தை வாசல் நெலவுல கட்டியிருக்கறேன், வர்றப்பப் பாத்திருப்பீங்க.

அப்பறந்தான் கேமரா. வெச்சு, டூட்டியில இருந்துட்டே போன்ல பாத்தேன். கோகிலா புள்ளைய அந்தச் சின்னச் சேருல நிமுத்தி உக்கார வெக்கறா, பெல்ட்டைப் போடறா, கிண்ணத்துல கலக்கறா. கரண்டிய வாயில வெக்கறா. வெச்சதும் குனிஞ்சு புள்ளை காதுகிட்ட என்னமோ சொல்றா. ஒவ்வொரு கரண்டிக்கும் சொல்றா. புள்ளை சிணுங்குது, துப்புது, ஒருக்கா இருமக்கூட இருமுச்சு. நான் பாத்தேன், இருமுச்சு! எங்கிட்ட இருக்கறப்ப என் அம்மிணி ஒருக்காக்கூட இருமினதில்லைங்க. அப்ப அவ காதுல என்ன சொல்றா? மெரட்டறாளா? மந்திரமா? அதைத் தெரிஞ்சுக்கத்தான் சத்தம் வேணும்னு தலையால அடிச்சுக்கறேன். அதுலதான் இருக்குது விசயம், எனக்கு நல்லாத் தெரியும்.

போனைத் தரட்டுங்களா? இந்தாங்க. கேமராவுல ஒண்ணும் கோளாறு இல்லைங்கறீங்களா? பின்னே? சரி, நீங்களே பாருங்க. அந்த அம்புக்குறிய அமுக்குனா முந்தின நாளு வரும்.

இது அம்மிணி ஆசுபத்திரிக்குப் போறதுக்கு முந்தி, பகல். இதோ கோகிலா. இப்பக் கரண்டி… பாருங்க, குனியறா பாருங்க. பாத்தீங்கல்ல? தள்ளுங்க. இது மத்தியானம், புள்ளை தூங்குது. தள்ளுங்க. இதெல்லாம் வெறும் வூடு.

இது பொழுதோட, இது நானு. இதுல ஒண்ணுமில்லை, தள்ளுங்க. ஏன் நிறுத்திட்டீங்க? டீ குடிக்கறனுங்க. அந்த நேரம் அம்மிணிக்கு என் மடிதான். கையில சாச்சுப் போட்டுக்குவேன், டிவியில செய்தி ஓடும். அவ என் வாயையே பாத்துட்டு இருப்பா. டம்ளரு மேல போனாக் கண்ணும் மேல போகும், கீழ வந்தாக் கண்ணும் கீழ வரும். அதைப் பாத்தா உங்களுக்குச் சிரிப்பு வரும்.

தட்டுலயா? அது டீதானுங்க. ஆத்திட்டுத்தான் குடுக்கறேன், சூடா யாராச்சும் குடுப்பாங்களா? ரெண்டு மொடக்கு. பாத்துட்டு இருக்கற பச்சைப் புள்ளைக்கு ஒரு சொட்டு வெக்காம எப்படிங்க நாம மட்டும் குடிக்கறது? ஏங்கிப் போயிராது? குடிக்கறவனுக்கும் அது ஒட்டாது. எங்க வூட்டுல அப்படித்தான் வளத்தாங்க. ஓடற பஸ்ஸுலகூட, எதுத்த சீட்டுல ஒரு பொடுசு பாத்துட்டு இருந்தா நான் கடலை உரிச்சுத் திங்க மாட்டேன், பாதிய அது கையில வெச்சுட்டுத்தான் திம்பேன். உங்களுக்கும் புள்ளை இருக்குதுன்னீங்களே, உங்களுக்குத் தெரியாதா?

எத்தனை நேத்தியாக் குடிக்குது பாருங்க. துப்பறதில்லை, சிணுங்கறதில்லை, ஒரு இருமல் உண்டா? அந்த மாவுக் கரைசலுக்கு அந்தப் பாடு படுத்தறவ, இதுக்கு வாயைத் திறக்கறா பாருங்க. பொறந்ததிலிருந்து குழாயிலயே குடிச்ச புள்ளைங்க. ஒரு ருசி தெரியாது. மொதோ தடவை டீயை நாக்குல வெச்சப்ப அவ கண்ணு விரிஞ்சுது பாருங்க, அதுக்கு நான் என்ன வேணாலும் குடுப்பேன்.

தினமுமான்னா… வூட்டுல இருந்தாக் குடுப்பேன். டூட்டியில இருந்தா எப்படிக் குடுப்பேன்? பழனியிலிருந்தா?

ஏனுங், என்னை ஏன் அப்படிப் பாக்கறீங்க?

அந்த மூஞ்சி எனக்குத் தெரியுமுங்க. டிக்கெட் இல்லாம உக்காந்திருக்கறவன் தெரிஞ்சவனா இருந்தா கண்டக்டரு மூஞ்சி அப்படித்தான் போகும், சொல்லவும் முடியாம, விடவும் முடியாம. என்னத்தைப் பாத்தீங்க? இதுலயா? எங்க, குடுங்க, நான் பாக்கறேன்.

என்ன இருக்குது? டம்ளரு. தட்டு. ஆத்தறேன். கோகிலா டீயை வெச்சுட்டு அக்கட்டால போறா. மாடிப்படி. அப்பறம் நான்…

பின்னால தள்ளுங்க ஒருக்கா. அந்தத் தட்டைத் தூக்கறதுக்கு முந்தி. ம். அங்க நிறுத்துங்க.

மாடிப்படியைத்தான் பாக்கறேன். துணி நனையுமேன்னு பாத்திருப்பேன். மழை வர்ற மாதிரி இருந்துச்சு அன்னைக்கு. இதுக்கு முந்தின நாளு வெய்யுங்க. அதுக்கும் முந்தின நாளு.

எல்லா நாளும் மழை வர்ற மாதிரியாங்க இருந்துச்சு?

இல்லைங்க. நீங்க நெனைக்கற மாதிரி இல்லை. கோகிலா பாத்தா ஒரு பேச்சு வரும், எதுக்கு வம்புன்னு பாக்கறதுதான். வேற ஒண்ணுமில்லை. ரெண்டே ரெண்டு மொடக்குங்க அது. நம்ம புள்ளைக்கு நாமளே… சரி, நீங்க சத்தத்துக்கு வாங்க. சத்தத்துக்குத்தான் உங்களைக் கூப்புட்டது. என்னாச்சு சத்தம்?

இதுவா? போன்ல இந்த ஸ்பீக்கர் படத்து மேல கோடு போட்டிருக்குதே, இதுவா? இதை அமுக்குனாப் போதுமா? அப்ப இத்தனை நாளாச் சத்தம் உள்ளயே இருந்துச்சுங்களா? நான்தான் கேக்கலையா?

வெய்யுங்க. மொதல்ல கோகிலா வெய்யுங்க. கரண்டி வெச்சுட்டுக் குனியறாளே, அங்க.

சத்தம் ஏத்துங்க.

'…முழுங்கு சாமி… அப்படித்தான்… இன்னொருக்கா முழுங்கு, வெறும் வாயில, அம்மாவாட்டம்… ஆங்! அப்பா வரட்டும், கிண்ணம் காலியாயிருச்சுன்னு சொல்லலாம். அப்பாகிட்ட நீயே சொல்லு…'

இதையா சொல்லிட்டு இருந்தா? ஒவ்வொரு கரண்டிக்கும்?

இருங்க, சித்தே இருங்க. ஒண்ணுமில்லை, கண்ணுல தூசி. ஃபேனை நிறுத்துங்க. பேசாம இருக்கறவ, புள்ளைகிட்ட மட்டும் என்னைப் பத்திப் பேசிட்டு இருந்திருக்கறா. அவளைப் போயிச் சந்தேகப்பட்டு நான் டப்பாவை மோந்து பாத்திருக்கறேன்.

இப்ப என்னோடதை வெய்யுங்க. வேண்டாம்னு நீங்க சொல்லாதீங்க, வெய்யுங்க. நான் கேக்காம வேற யாரு கேக்கறது?

செய்திதான் கேக்குது. இன்னும் ஏத்துங்க. இதோ, இது என் தொண்டை.

'…அம்மிணிக்கு ஒண்ணு, அப்பாவுக்கு ஒண்ணு… குடி சாமி… அம்மாகிட்டச் சொல்லக்கூடாது, என்ன?…'

நாந்தானுங்க. நாந்தான் அது.

அது என்னங்க சத்தம்? அடியில கேக்குதே. டிவியில்லை. தட்டை வெச்ச பொறவு கேக்குது பாருங்க, கொர்ர்… கொர்ர்னு. அம்மிணி என்னமோ பேசறா. அப்பான்னுதான் சொல்றா, ஆனாத் தண்ணிக்குள்ள இருந்து கூப்புடற மாதிரிக் கூப்புடறா. மடியில வெச்சிருந்தனே பூபதி, என் நெஞ்சு மேலதான் அவ தலை இருந்துச்சு, இது எனக்குக் கேக்கவே இல்லையே. செய்திய ஏத்தி வெச்சுட்டு உக்காந்திருக்கறேன் பாருங்க. அந்தம்மா சொன்னாங்க. ஈரமாக் கேக்கும்னு சொன்னாங்க. காயப் போடறதுக்கான்னு நான் சிரிச்சேன்.

போன் அடிக்குது. பாருங்க யாருன்னு. என் கண்ணுக்குத் தெரியலை.

கோகிலாதான். கையெழுத்துக்கு எப்ப வர்றீங்கன்னு கேக்கறதுக்குக் கூப்புடுவா. அங்க டாக்டரு காத்துட்டு இருப்பாரு.

ஹலோ. ம். நாந்தான். இல்ல, இன்னும் கெளம்பலை. நீ கேளு, நான் சொல்றதை மொதல்ல கேளு. அந்த ஆபரேசனை நிறுத்தி வெக்கச் சொல்லு. கையெழுத்து வேண்டாம்னு சொல்லு. அந்த பெனிட்டா டாக்டரம்மா இருக்கறாங்களா? அவங்களைப் போக வேண்டாம்னு சொல்லு, நான் வர்ற வரைக்கும் இருக்கச் சொல்லு. ஆமா. ஆளு கெடைச்சாச்சு கோகிலா.

யாரா? சரசக்கா இல்லை. நீயும் இல்லை. நீ இல்லவே இல்லை சாமி. இரு, வெச்சுராத, அழுகாத, அப்படியே காதுல வெச்சுட்டு இரு.

பூபதி, உங்க போன்லயும் என்னோட அந்தப் படத்தை எடுக்க முடியுங்களா? எடுங்க. இதுக்குப் பக்கத்துல புடிங்க. என்னால வாயில சொல்ல முடியாது, வரமாட்டேங்குது. முழுச் சத்தம் வெச்சு அதை இன்னொருக்காப் போடுங்க, அவ கேக்கட்டும்.